வெளியூர்க் கால்பந்து ரசிகர்களும் நுழைவுச்சீட்டு விலையும்

தமது அணி வேறு ஊரில் ஆடும்போது அங்கு சென்று ஆட்டத்தைக் காண்பவர்கள் வெளியூர் ரசிகர்கள் எனப்படுகின்றனர். இவர்களது செலவில் நுழைவுச்சீட்டு ஒரு பகுதி மட்டுமே. பயணக் கட்டணம், உணவு, தங்குமிடம், இழக்கும் நாள்கூலி ஆகியவையும் அதில் சேரும். இந்தச் செலவில் எதைக் குறைக்க முடியும், யார் குறைக்க வேண்டும் என்ற கேள்வி கால்பந்து வரலாற்றில் பலமுறை எழுந்துள்ளது.

கல்கத்தா, 1911

இந்தியாவில் இதற்கு அறியப்பட்ட பழைய சான்று 1911 ஜூலை 29 அன்று நடந்த ஐ.எஃப்.ஏ. கேடய இறுதியாட்டம் ஆகும். மோகன் பகான் அணி, ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்ட் என்ற ஆங்கிலேயப் படைப்பிரிவின் அணியை எதிர்கொண்டது. ஆட்டத்தைக் காண வங்காளத்தின் பல மாவட்டங்களிலிருந்தும் மக்கள் திரண்டனர். கிழக்கிந்திய ரயில்வே சிறப்பு ரயில் விட்டது. கூடுதல் நீராவிப் படகுகளும் இயக்கப்பட்டன. இரண்டு ரூபாய் நுழைவுச்சீட்டு கள்ளச்சந்தையில் பதினைந்து ரூபாய் வரை விலைபோனதாகக் குறிப்புகள் கூறுகின்றன. பயணச் செலவு செய்து வந்தும் பலரால் மைதானத்தைப் பார்க்க முடியவில்லை. கோல் நிலவரம் பட்டங்கள் மூலம் அவர்களுக்குத் தெரிவிக்கப்பட்டது. மோகன் பகான் 2–1 என வென்றது.

இங்கிலாந்தின் விலை வரம்பு

இங்கிலாந்தில் உள்ளூர் அணியே நுழைவுச்சீட்டு விலையை நிர்ணயிக்கிறது. வெளியூர் ரசிகர் தம் அணியின் ஆட்டத்தை அங்கு மட்டுமே காண முடியும் என்பதால், விலை உயர்ந்தாலும் அவருக்கு வேறு வழியில்லை. 2013 ஜனவரியில் ஆர்சனல் மைதானத்தில் நடந்த ஆட்டத்துக்கு மான்செஸ்டர் சிட்டி ரசிகர்களிடம் 62 பவுண்டு கேட்கப்பட்டது. அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட சீட்டுகளில் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டவை விற்காமல் திருப்பி அனுப்பப்பட்டன. அதே ஆண்டில் கால்பந்து ஆதரவாளர் கூட்டமைப்பு, வெளியூர்ச் சீட்டு 20 பவுண்டைத் தாண்டக் கூடாது எனக் கோரும் இயக்கத்தைத் தொடங்கியது.

2015இல் பிரீமியர் லீக் உள்நாட்டுத் தொலைக்காட்சி உரிமையை மூன்று பருவங்களுக்கு 500 கோடி பவுண்டுக்கும் அதிகமான தொகைக்கு விற்றது. இவ்வளவு வருவாய் இருந்தும் ரசிகரிடம் ஏன் கூடுதல் விலை வாங்க வேண்டும் என்ற வாதம் வலுத்தது. 2016 பிப்ரவரியில் லிவர்பூல் அணி 77 பவுண்டுச் சீட்டை அறிவித்தபோது, சொந்த மைதானத்தில் இருந்த அதன் ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் ஆட்டத்தின் 77ஆம் நிமிடத்தில் எழுந்து வெளியேறினர். சில நாட்களில் நிர்வாகம் மன்னிப்புக் கேட்டு விலையைத் திரும்பப் பெற்றது. அடுத்த மாதமே வெளியூர் ரசிகர் சீட்டுக்கு 30 பவுண்டு உச்சவரம்பை பிரீமியர் லீக் அணிகள் ஏற்றன. 2016–17 பருவத்தில் நடைமுறைக்கு வந்த இவ்வரம்பு பின்னர் நீட்டிக்கப்பட்டது. வெளியூர் ரசிகர்களின் ஆரவாரம் இல்லாவிட்டால் ஆட்டத்தின் களையே குறைந்துவிடும் என்பதை அணிகள் இதன்மூலம் ஒப்புக்கொண்டன.

தமிழ்நாடு

2014இல் தொடங்கிய இந்தியன் சூப்பர் லீக்கில் சென்னையின் எஃப்.சி. வென்ற இரண்டு கோப்பைகளும் வெளியூரில், எதிரணியின் சொந்த மைதானத்தில் கிடைத்தவை. 2015 டிசம்பர் 20 அன்று கோவாவின் ஃபட்டோர்டா மைதானத்தில் எஃப்.சி. கோவாவையும், 2018 மார்ச் 17 அன்று பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் பெங்களூரு எஃப்.சி.யையும் அது 3–2 என்ற கணக்கில் வென்றது. இந்த வெற்றிகளை நேரில் காண விரும்பிய சென்னை ரசிகர் பயணம் செய்தே ஆக வேண்டியிருந்தது. 2015இல் பெருவெள்ளம் காரணமாகச் சென்னையில் நடக்கவேண்டிய அரையிறுதி ஆட்டமும் புனேவுக்கு மாற்றப்பட்டது. கொரோனா பரவலால் 2020 மார்ச் 14 அன்று கோவாவில் நடந்த இறுதியாட்டம் பார்வையாளர் இன்றியே நடைபெற்றது.

விருதுநகர், சிவகாசிப் பகுதி ரசிகர்களுக்குச் சென்னையில் நடக்கும் ஆட்டமும் வெளியூர் ஆட்டமே. ஒருவழித் தொலைவு 500 கிலோமீட்டருக்கும் அதிகம். இந்தியன் சூப்பர் லீக் ஆட்டங்கள் பெரும்பாலும் இரவு 7.30 மணிக்குத் தொடங்கி 9 மணிக்குப் பின்னரே முடிந்தன. சிவகாசி வழியாகச் செங்கோட்டை செல்லும் பொதிகை விரைவு ரயிலோ அதற்கு முன்பே எழும்பூரிலிருந்து புறப்பட்டுவிடும். ஆகவே இரவு சென்னையில் தங்க வேண்டும், அல்லது பேருந்து பிடிக்க வேண்டும். பட்டாசு ஆலைகளில் பலருக்குச் செய்யும் வேலையின் அளவைப் பொறுத்தே கூலி; போகாத நாளுக்குக் கூலி இல்லை. லீக் பருவம் பெரும்பாலும் தீபாவளியை ஒட்டிய மாதங்களில் தொடங்கியது. சிவகாசியில் வேலை மிகுந்திருக்கும் காலமும் அதுவே.

இத்தகைய ரசிகருக்கு நுழைவுச்சீட்டு விலையைக் குறைத்தால் செலவின் ஒரு பங்கே குறையும். 1911இல் ரயில் கிடைத்தது, சீட்டு கிடைக்கவில்லை. சிவகாசி ரசிகருக்குச் சீட்டு கிடைத்தாலும் ஊர் திரும்ப ரயில் இல்லை. ஆட்ட நேரமும் போக்குவரத்து வசதியும் சேர்ந்து திட்டமிடப்பட்டால்தான் விலைக் குறைப்பின் பயன் தொலைவில் உள்ளவர்களைச் சென்றடையும்.