படகில் யார் ஏறலாம்? ஒக்ஸ்போர்ட் – கேம்பிரிட்ஜ் படகோட்டத்தின் கதை



2025 மார்ச் மாதம் இங்கிலாந்தில் ஒரு செய்தி பெரிதாகப் பேசப்பட்டது. நம் பக்கத்தில் அதைக் கவனித்தவர்கள் குறைவு. உலகப் புகழ் பெற்ற ஒரு படகோட்டப் போட்டியில், ஆசிரியர் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த மாணவர்கள் சிலருக்குக் கலந்துகொள்ள முடியாது என்று சொல்லிவிட்டார்கள். காரணம், அவர்கள் படிக்கும் படிப்பு "பட்டம்" என்ற வகைக்குள் வராதாம்.

ஆசிரியர் கலாசாலையில் படித்துவிட்டு வகுப்பறைக்குள் போன என்னைப் போன்றவர்களால் இந்தச் செய்தியைச் சும்மா கடந்து போக முடியாது. ஆனால் இதைச் சரியாக விளங்கிக்கொள்ள, அந்தப் போட்டியின் கிட்டத்தட்ட இருநூறு வருட வரலாற்றைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். பதிவு நீளமானது. பொறுமையாக வாசியுங்கள்.

ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் இரண்டும் இங்கிலாந்தின் மிகப் பழைய பல்கலைக்கழகங்கள். இவை இரண்டும் வருடத்துக்கு ஒரு தடவை இலண்டன் தேம்ஸ் நதியில் படகோட்டி மோதும். ஒரு படகில் எட்டுப் பேர் துடுப்பு வலிப்பார்கள். ஒன்பதாவது ஆள் சுக்கானைப் பிடித்துக்கொண்டு திசை காட்டுவார். எட்டுப் பேரும் போகும் திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருப்பார்கள். முன்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்பவர் அந்த ஒன்பதாவது ஆள் மட்டும்தான். நமது தோணிக்காரர்களுக்கு இது விசித்திரமாகத் தெரியலாம்.

இதன் ஆரம்பம் ஒரு பாடசாலை நட்பு. சார்ள்ஸ் வேர்ட்ஸ்வேர்த், சார்ள்ஸ் மெரிவேல் இருவரும் ஹரோ பாடசாலையில் ஒன்றாகப் படித்தவர்கள். முதலாமவர் பிரபல கவிஞர் வில்லியம் வேர்ட்ஸ்வேர்த்தின் சகோதரர் மகன். பாடசாலை முடிந்ததும் அவர் ஒக்ஸ்போர்ட்டுக்குப் போனார், மெரிவேல் கேம்பிரிட்ஜுக்குப் போனார். நண்பர்கள் பிரிந்தாலும் போட்டி மனம் போகவில்லை. 1829 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் தரப்பிலிருந்து முறையான சவால் போனது. 1829 ஜூன் 10 ஆம் திகதி, ஹென்லி என்ற ஊரில் தேம்ஸ் நதியில் முதலாவது போட்டி நடந்தது. ஒக்ஸ்போர்ட் இலகுவாக வென்றது.

தோற்ற அணி வென்ற அணிக்கு அடுத்த போட்டிக்கான சவாலை விடுக்க வேண்டும் என்பது இன்றுவரை இருக்கும் மரபு. அதாவது இந்தப் போட்டி எந்த அரசாங்கச் சட்டத்தாலும் உருவானதல்ல. இரு தரப்பும் பேசி ஒத்துக்கொண்டதால் நடப்பது. அதன் விதிகளும் அப்படித்தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இரண்டாவது போட்டி ஏழு வருடம் கழித்து 1836 இல், இலண்டனில் வெஸ்ட்மின்ஸ்டரிலிருந்து புட்னி வரை நடந்தது. அந்தப் பகுதியில் படகுப் போக்குவரத்து நெரிசலாகிவிட்டதால் 1845 இல் போட்டியை மேலே நகர்த்தினார்கள். புட்னியிலிருந்து மோர்ட்லேக் வரையுள்ள, ஏறத்தாழ 6.8 கிலோமீற்றர் கொண்ட அந்தப் பாதைதான் இன்றும் பாதை. 1856 இலிருந்து வருடாந்தப் போட்டியாகியது. உலகப் போர்க் காலங்களிலும் 2020 கொவிட் காலத்திலும் மட்டுமே தடைப்பட்டது.

கடல் நீர் நதிக்குள் ஏறி வரும் நேரம் பார்த்துத்தான் போட்டியை ஆரம்பிப்பார்கள். அந்த நீரோட்டமே படகைத் தள்ளும். எந்தக் கரைப் பக்கம் யாருக்கு என்று நாணயம் சுண்டித் தீர்மானிப்பார்கள். அதற்குப் பாவிப்பது 1829 ஆம் வருடத்துத் தங்க நாணயம். 1998 இல் கேம்பிரிட்ஜ் 16 நிமிடம் 19 செக்கனில் முடித்துச் சாதனை படைத்தது. 1912 இல் காற்றும் அலையும் அடித்து இரண்டு படகுகளுக்குள்ளும் தண்ணீர் ஏறிவிட்டது. இரண்டு நாள் கழித்துத் திரும்பவும் ஓட்டி ஒக்ஸ்போர்ட் வென்றது.

இவையெல்லாம் சுவையான தகவல்கள். ஆனால் ஒரு வரலாற்று மாணவருக்கு இதற்குள் இன்னொரு கதை தெரியும். அது "படகில் யார் ஏறலாம்?" என்ற கேள்வியின் கதை.

1829 இல் அந்தப் படகுகளில் யார் இருந்தார்கள்? அந்தக் காலத்தில் ஒக்ஸ்போர்ட்டில் மாணவராகச் சேர்வதற்கே இங்கிலாந்துத் திருச்சபையின் கொள்கைகளை ஏற்றுக் கையொப்பமிட வேண்டும். கேம்பிரிட்ஜில் படிக்கலாம், ஆனால் அந்தக் கையொப்பம் இல்லாமல் பட்டம் பெற முடியாது. எனவே கத்தோலிக்கருக்கோ யூதருக்கோ முஸ்லிமுக்கோ ஒக்ஸ்போர்ட் படகு கிடக்கட்டும், ஒக்ஸ்போர்ட் வாசற்கதவே மூடியிருந்தது. 1850களில் இந்த விதிகள் தளர்ந்தன. 1871 இல் பாராளுமன்றம் சட்டம் இயற்றிப் பெரும்பாலான சமயத் தடைகளை நீக்கியது. முதலாவது போட்டிக்கும் இந்தச் சட்டத்துக்கும் இடையில் 42 வருடங்கள்.

அடுத்தது தொழிலாளர்கள். தேம்ஸ் நதியில் பரம்பரை பரம்பரையாகப் படகு வலித்துப் பிழைத்த தோணிக்காரர்கள் இருந்தார்கள். நதியின் சுழி, ஆழம், நீரோட்டம் எல்லாம் அவர்களுக்குத்தான் அத்துப்படி. ஆரம்ப காலத்தில் மாணவர்கள் அவர்களிடம்தான் கற்றுக்கொண்டார்கள். ஆனால் உழைத்துச் சாப்பிடுகிறவன் கனவான்களோடு போட்டியிடக் கூடாது என்ற எண்ணம் அந்த நாட்டில் ஆழமாக இருந்தது. முதலாவது போட்டி நடந்த அதே ஹென்லியில் பின்னர் ஆரம்பமான பெரிய படகோட்ட விழாவில், 1879 இல் எழுத்திலேயே விதி போட்டார்கள். கைத்தொழிலாளர், இயந்திரத் தொழிலாளர், கூலியாட்கள் கலந்துகொள்ள முடியாது என்று. அந்த விதி 1937 வரை இருந்தது.

இந்தப் பின்னணியில் 1877 ஆம் வருடப் போட்டியைப் பாருங்கள். அன்று இரு படகுகளும் ஒன்றாக முடிவிடத்தைக் கடந்தன. முடிவிடத்தில் நடுவராக இருந்தவர் ஜோன் பெல்ப்ஸ் என்ற வயதான தோணிக்காரர். எல்லைக் கம்பம்கூட ஒழுங்காக இல்லாத இடத்தில் நின்று பார்த்து, "சமநிலை" என்று தீர்ப்புச் சொன்னார். இந்தப் போட்டியின் வரலாற்றில் ஒரேயொரு சமநிலை முடிவு அதுதான். தாங்கள்தான் வென்றோம் என்று ஒக்ஸ்போர்ட் ஆதரவாளர்கள் கொதித்தார்கள். அந்த மனிதர் குடித்துவிட்டுப் புதருக்கடியில் தூங்கிவிட்டார் என்று ஒரு கதை கிளம்பியது. நூறு வருடத்துக்கும் மேலாக அதையே சொல்லிச் சிரித்தார்கள். அதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. ஒரு கனவான் அதே தீர்ப்பைச் சொல்லியிருந்தால் இப்படியொரு கதை பரவியிருக்குமா?

இனிப் பெண்களின் கதை. 1927 இல் ஒக்ஸ்போர்ட்டில் முதலாவது பெண்கள் போட்டி நடந்தது. போட்டி என்று பெயர், ஆனால் இரண்டு படகுகளையும் ஒரே நேரத்தில் பக்கம் பக்கமாக ஓட விடவில்லை. பெண்கள் முண்டியடித்து வலிப்பது அழகல்லவாம். தனித்தனியாக ஓட வைத்து, வேகத்தோடு "நேர்த்தி"க்கும் புள்ளி பார்த்தார்கள். கரையில் நின்று எதிர்ப்புக் காட்டிய கூட்டமும் இருந்தது.

இதில் இன்னொரு விடயத்தைக் கவனியுங்கள். ஒக்ஸ்போர்ட் 1920 இல் பெண்களுக்குப் பட்டம் வழங்கத் தொடங்கிவிட்டது. கேம்பிரிட்ஜ் பெண்களை முழு அங்கத்தவர்களாக ஏற்றுப் பட்டம் வழங்கியது 1948 இல்தான். ஆகவே 1927 இல் கேம்பிரிட்ஜுக்காகத் துடுப்புப் பிடித்த அந்தப் பெண்களை, அவர்களது பல்கலைக்கழகமே முழு அங்கத்தவர்களாக ஏற்றிருக்கவில்லை!

1964 இலிருந்து பெண்கள் போட்டி வருடா வருடம் நடக்கிறது. 1981 இல் சூ பிரவுன் என்ற மாணவி, ஒக்ஸ்போர்ட் ஆண்கள் படகுக்குச் சுக்கான் பிடித்தார். ஆண்கள் போட்டியில் இடம்பெற்ற முதல் பெண் அவர். அந்த வருடம் ஒக்ஸ்போர்ட் வென்றது. ஆனாலும் பெண்கள் போட்டி இலண்டனுக்கு வெளியே, ஹென்லியில், தொலைக்காட்சிக் கமராக்கள் இல்லாமல்தான் நடந்துகொண்டிருந்தது. ஹெலனா மொரிஸ்ஸி என்ற பெண் தலைமை வகித்த நிறுவனம் அனுசரணைக்கு வந்து, ஆண்களுக்குச் சமமாகப் பெண்களுக்கும் வழங்க வேண்டும் என்று நின்ற பிறகுதான் நிலைமை மாறியது. 2015 ஏப்ரல் 11 ஆம் திகதி பெண்களும் அதே நாளில், அதே பாதையில் ஓடினார்கள். 1927 இலிருந்து எண்ணிப் பாருங்கள், 88 வருடங்கள்.

"உண்மையான மாணவர் யார்?" என்ற சண்டையும் இந்தப் போட்டிக்குப் புதிதல்ல. 1987 இல் ஒக்ஸ்போர்ட் அணியில் அமெரிக்காவிலிருந்து வந்த திறமையான வீரர்கள் சிலர் இருந்தார்கள். அணித் தெரிவு பற்றி அவர்களுக்கும் அணித் தலைவருக்கும் பயிற்றுவிப்பாளருக்கும் இடையே பிரச்சினை முற்றி, அவர்கள் வெளியேறினார்கள். ஆளில்லாமல் போன படகில், மேலதிக அணியிலிருந்தவர்களை ஏற்றிக்கொண்டு போய் ஒக்ஸ்போர்ட் வென்றது. பட்டப்பின் படிப்பு என்று வந்து படகு மட்டும் வலித்துவிட்டுப் போகிறவர்கள் மாணவர்களா என்ற பேச்சு அப்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. அது நியாயமான கவலைதான். விதி ஒன்று தேவைதான்.

இனி 2025 க்கு வருவோம். கேம்பிரிட்ஜில் பட்டப்பின் கல்விச் சான்றிதழ் படிக்கும் மாணவர்கள் சிலர் மாதக்கணக்கில் குளிரில் பயிற்சி எடுத்து, அணியில் இடம்பிடிக்கும் நிலையில் இருந்தார்கள். நமது நாட்டின் பட்டப்பின் கல்வி டிப்ளோமா போன்ற ஒரு படிப்புதான் அது. ஏற்கெனவே பட்டம் பெற்றவர்கள்தான் அதில் சேர முடியும். ஒரு வருடப் படிப்பு. அதில் பெரும் பகுதியைப் பாடசாலைகளில் பிள்ளைகளுக்கு முன்னால் நின்றே கழிக்க வேண்டும். ஒக்ஸ்போர்ட் தரப்பின் ஆட்சேபனையைத் தொடர்ந்து, இந்தச் சான்றிதழ் பட்டம் அல்ல, ஆகவே அவர்கள் தகுதியற்றவர்கள் என்று முடிவானது. போட்டிக்குச் சில வாரங்களே இருந்தன.

காலையில் பாடசாலை போய், பாடக்குறிப்பு எழுதி, கொப்பி திருத்தி, அதற்கிடையில் துடுப்பும் வலிக்கிற ஒருவரைப் பார்த்து "இவர் உண்மையான மாணவர் அல்ல" என்று சொன்னால் என்ன அர்த்தம்? படகு வலிக்க மட்டும் வந்துபோகிறவர்களைத் தடுக்க எண்ணிய விதி, படிப்பிலேயே அதிகம் உழைக்கிறவர்களைத் தடுத்துவிட்டது. எல்லாரும் ஒத்துக்கொண்ட விதி என்பது உண்மை. அந்த விதியை எழுதும்போது ஆசிரியர் பயிற்சி யாருக்கும் ஞாபகத்தில் வரவில்லை என்பதும், வந்திருந்தால் அதைப் படிப்பாகக் கணக்கெடுக்கவில்லை என்பதும்தான் எனக்கு உறைக்கிறது.

2025 ஏப்ரல் 13 ஆம் திகதி போட்டி நடந்தது. அந்த மாணவர்கள் இல்லாமலே கேம்பிரிட்ஜ் ஆண்கள், பெண்கள் இரு போட்டிகளிலும் வென்றது. ஆண்கள் போட்டியில் மொத்தக் கணக்கு அன்றைய திகதிக்கு கேம்பிரிட்ஜ் 88, ஒக்ஸ்போர்ட் 81, சமநிலை ஒன்று. வென்றாலும், விடுபட்டவர்களுக்கு அந்த நாள் திரும்பி வராது. ஒரு வருடப் படிப்பு படிக்கிறவருக்கு அடுத்த வருடம் என்று ஒன்று கிடையாது.

இது நமக்கு அந்நியமான கதையா? கொழும்பு பேர வாவியில் 1864 இல் ஆரம்பிக்கப்பட்ட படகோட்டக் கழகம் இன்றும் இருக்கிறது. ரோயல், தோமியன் மாணவர்கள் வருடாந்தம் படகோட்டி மோதுகிறார்கள். அந்த விளையாட்டு நமது ஊர்ப் பக்கம் வரவில்லை. ஆனால் அந்த மனநிலை எப்போதோ வந்துவிட்டது. கல்யாணப் பேச்சில் "மாப்பிள்ளை டிகிரி டீச்சரா, ட்ரெய்னிங் டீச்சரா?" என்று கேட்கிறோமா இல்லையா? ஆசிரியர் ஓய்வறையில் கலாசாலைச் சான்றிதழ், கல்வியியற் கல்லூரி டிப்ளோமா, பட்டம் என்று கதிரைகளே பிரிந்து கிடப்பதைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? ஆனால் முதலாம் வகுப்புப் பிள்ளையின் கையைப் பிடித்து "அ" எழுத வைத்தவர் பெரும்பாலும் அந்தக் கலாசாலை ஆசிரியைதான்.

நமது விளையாட்டுக் கழகங்களுக்கும் இதில் பாடம் உண்டு. ஊர்ச் சுற்றுப்போட்டி வந்தால் "அவன் எங்கட ஊர் இல்லை", "அவன் கழகத்தில் பதிந்து மூன்று மாதம் ஆகவில்லை" என்று கடைசி நாளில்தான் பிரச்சினை கிளம்பும். விதி போடுங்கள். அதைப் பருவம் தொடங்க முன்னரே எல்லாருக்கும் சொல்லுங்கள். யாரைத் தடுக்க இந்த விதி, இதனால் யாரெல்லாம் வெளியே போவார்கள் என்று கூடியிருந்து ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். மனிதர் பேசி ஒத்துக்கொண்ட விதியை மனிதர் பேசி மாற்றவும் முடியும்.

சமயத்தின் பெயரால் 42 வருடம், பெண் என்பதால் 88 வருடம். அந்தப் படகின் வாசல் ஒவ்வொரு தடவையும் மெதுவாகத்தான் திறந்திருக்கிறது. திறந்த பிறகு, இவர்களை ஏன் இவ்வளவு நாள் வெளியே வைத்தோம் என்றுதான் எல்லாரும் ஆச்சரியப்பட்டிருக்கிறார்கள். ஆசிரியர்களின் முறையும் வரும். அதுவரை, நமது ஊரில் நாம் மூடி வைத்திருக்கும் வாசல்கள் எவை என்று யோசிப்போம். இல்ல விளையாட்டுப் போட்டிக்கு அணி தெரிவு செய்யும் ஆசிரியர்கள் முதலில் யோசிக்கட்டும்.