தன் வலீமாவுக்குத் தானே சமைத்த மணமகள்



நம்மிடம் ஓதும் மாணவர் ஒருவரின் பெற்றோர் அண்மையில் ஒரு கேள்வியோடு வந்தனர். மூத்த மகனுக்கு நிகாஹ் நிச்சயமாகியுள்ளது. பண்டாரியை அமர்த்தி ஊருக்கே பிரியாணி ஆக்க வேண்டுமானால் கடன் வாங்க வேண்டும். மணமக்களோ, "வலீமாவுக்கு நாங்களே வீட்டில் சமைத்துக்கொள்கிறோம்" என்கின்றனர். "புதுப்பெண் அடுப்படியில் நின்றால் ஊரார் என்ன சொல்வார்கள்?" என்பதே பெற்றோரின் கலக்கம்.

இக்கேள்விக்கு மதீனாவின் வரலாற்றில் தெளிவான விடை உண்டு.

அன்சாரித் தோழர் அபூ உஸைத் அஸ்ஸாஇதீ (ரலி) தமது மண விருந்துக்கு நபி (ஸல்) அவர்களையும் தோழர்களையும் அழைத்தார். அன்று உணவைச் சமைத்ததும் பரிமாறியதும் மணப்பெண்ணான உம்மு உஸைத் (ரலி) அவர்களே. முதல் நாள் இரவே கல் பாத்திரம் ஒன்றில் பேரீச்சம்பழங்களை ஊறவைத்திருந்தார். நபியவர்கள் உண்டு முடித்ததும் அவற்றைக் கரைத்து அவர்களுக்கென்றே அருந்தக் கொடுத்தார். ஸஹ்ல் பின் ஸஅத் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ளது. ஆடை ஒழுக்கமும் குழப்பத்திற்கு இடமின்மையும் பேணப்பட வேண்டும் என்று விரிவுரையாளர்கள் இதற்கு வரம்பு கூறினர். ஆனால் மணமகள் சமைத்ததை எவரும் இழிவாகக் கருதவில்லை.

மணமகனின் பொறுப்பையும் காண்போம். பத்ருப் போருக்குப் பின், ஃபாத்திமா (ரலி) அவர்களை மணக்கவிருந்த அலீ (ரலி), தம் இரு ஒட்டகங்களில் இத்கிர் புல்லை ஏற்றிவந்து பொற்கொல்லர்களுக்கு விற்று, அப்பணத்தை வலீமாவுக்குப் பயன்படுத்தத் திட்டமிட்டார். கடனை நாடாமல் தம் உழைப்பையே நாடினார்.

ஹிஜ்ரி 7-இல் கைபரிலிருந்து திரும்பும் வழியில் நபி (ஸல்) அவர்கள் ஸஃபிய்யா (ரலி) அவர்களை மணந்தபோது, அவ்விருந்தில் ரொட்டியும் இல்லை; இறைச்சியும் இல்லை. தோல் விரிப்பு விரிக்கப்பட்டது. ஒருவர் பேரீச்சம்பழம் கொண்டுவந்தார், ஒருவர் நெய், இன்னொருவர் உலர்ந்த பாலாடைக்கட்டி. அவற்றைப் பிசைந்து 'ஹைஸ்' ஆக்கினர். அதுவே அவர்களின் வலீமா.

அதே நபியவர்கள் ஸைனப் (ரலி) அவர்களை மணந்தபோது ஆடறுத்து, மக்கள் வயிறார ரொட்டியும் இறைச்சியும் அளித்தார்கள். தம் மனைவியர் ஒருவரின் திருமணத்தில் இரண்டு முத்து அளவு வாற்கோதுமை கொண்டே விருந்தளித்ததாகவும் அறிவிப்பு உண்டு. முத்து என்பது இரு கைகளும் சேர்ந்து அள்ளும் அளவு.

இவற்றை ஒருங்கே நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். அவர்கள் இருப்பைப் பார்த்து விருந்தைத் தீர்மானித்தனர். நாமோ முதலில் அழைப்புப் பட்டியலை எழுதிவிட்டு, பின்னர் அதற்கேற்ற பணத்தைத் தேடி அலைகிறோம்.

ஆகவே, சமைக்க விரும்பும் மணமக்கள் முதலில் எத்தனை கைகள் துணைக்கு உள்ளன என்று எண்ணட்டும். ஐம்பது பேருக்கு நெய்ச்சோறும் தால்சாவும் ஆக்குவது மாமியும் சாச்சியும் கூடி நின்றால் இயலும். ஐந்நூறு பேருக்குத் தேக்சா ஏற்றுவது பயின்றவர் செய்ய வேண்டிய வேலை. பதம் தவறினால் உணவு வீணாகும், அதுவும் விரயமே. வசதியுள்ளோர் பண்டாரியை அமர்த்துவதிலும் குற்றமில்லை. அவருக்குரிய கூலியைத் தாமதமின்றிக் கொடுத்துவிட வேண்டும். மணமகள் விரும்பிச் செய்வது சிறப்பு. அவள் மீது சுமத்துவது அநீதி. சமையல் மும்முரத்தில் தொழுகை தவறிவிடவும் கூடாது.

பட்டியலைச் சுருக்கும்போது ஓர் எச்சரிக்கை. செல்வர்கள் அழைக்கப்பட்டு ஏழைகள் விடப்படும் வலீமா உணவே உணவுகளில் மிகக் கெட்டது என்று ஹதீஸ் எச்சரிக்கிறது. சிறிய விருந்தானாலும் தெருக்கோடியில் வாழும் ஏழைக்கு அதில் இடம் இருக்கட்டும்.

அப்பெற்றோரிடம் உம்மு உஸைத் (ரலி) அவர்களின் வரலாற்றைச் சொன்னோம். தாயார் சற்று நேரம் மௌனமாக இருந்தார். பிறகு, "அப்படியானால் முதல் நாள் இரவு நானும் கூட நின்று வெங்காயம் உரிக்கிறேன்" என்றார்.

நம் பிள்ளைகளின் இல்லறத்தைக் கடனில் தொடங்காமல் பரக்கத்தில் தொடங்க வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.