தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் தேர்வு

எட்டாம் வகுப்பு மாணவர்களுக்காக இந்தியா முழுவதும் நடத்தப்படும் படிப்புதவித் தொகைத் தேர்வு, பள்ளிகளில் ‘என்.எம்.எம்.எஸ்.’ என்றே வழங்கும். ஏழை மாணவர்கள் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிடுவதைத் தடுக்க, 2008இல் மத்திய அரசு இத்திட்டத்தைத் தொடங்கியது. அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் உள்ளாட்சிப் பள்ளிகளிலும் படிப்போர் எழுதலாம். குடும்ப ஆண்டு வருமானம் 3.5 லட்சம் ரூபாயைத் தாண்டக் கூடாது.

தேர்வு இரு தாள்களாக நடக்கும். மனத்திறன் தாளில் எண்தொடர், ஒப்புமை, மறைந்திருக்கும் உருவத்தைக் கண்டறிதல் போன்ற 90 வினாக்கள். படிப்பறிவுத் தாளிலும் 90 வினாக்கள். அவை ஏழாம், எட்டாம் வகுப்புக் கணிதம், அறிவியல், சமூக அறிவியல் பாடங்களிலிருந்து வருபவை. ஒவ்வொரு தாளுக்கும் 90 நிமிடம், அதாவது ஒரு வினாவுக்கு ஒரே நிமிடம். இரண்டிலும் சேர்த்து 40 விழுக்காடு தேவை. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு 32. மனத்திறன் வினாக்கள் பாடநூலில் இல்லாதவை என்பதால், மாலையில் தனியாகப் பயிற்சி தரும் ஆசிரியர் இருக்கும் பள்ளிப் பிள்ளைகளே முந்துகிறார்கள். இது திட்டத்தின் பெரிய குறை.

ஆண்டுக்கு ஒரு லட்சம் புதிய உதவித்தொகைகள், மாநிலவாரி ஒதுக்கீட்டில் வழங்கப்படுகின்றன. தேர்வானவருக்கு ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் வங்கிக் கணக்கில் நேரடியாகச் சேரும். தொடக்கத்தில் இது 6,000 ரூபாயாக இருந்தது. உதவித்தொகையை ஆண்டுதோறும் இணையத்தில் புதுப்பிக்க வேண்டும்.