பஞ்சாங்கத்தின் கிரகணமும் கல்லூரியின் கிரகணமும்: தடாவிலிருந்து வட்டுக்கோட்டைக்கு

2025 செப்டம்பர் 7 அன்று நிகழ்ந்த முழுச் சந்திர கிரகணத்திற்குச் சில நாள்கள் முன்பு, தடா அருகிலுள்ள ஒரு கல்லூரியில் நடந்த அறிவியல் பொதுச் சொற்பொழிவைக் கேட்கச் சென்றிருந்தேன். ஆரம்பாக்கத்தைத் தாண்டியதும் வரும் முதல் ஆந்திர ஊர் தடா. 2022 வரை நெல்லூர் மாவட்டத்தில் இருந்தது. இப்போது திருப்பதி மாவட்டம். ஒரே வீட்டில் தமிழும் தெலுங்கும் புழங்கும் பகுதி. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவுகலம் கிளம்பினால் வீட்டு மாடியிலிருந்தே பார்த்துவிடலாம்.

உரை முழுவதும் ஆங்கிலத்தில் நடந்தது. இறுதியில் கல்லூரிப் பணியாளரான ஓர் அம்மையார் எழுந்து தமிழில் கேட்டார்: "பஞ்சாங்கத்துல போட்டிருக்கிற நேரமும் நீங்க சொல்ற நேரமும் ஒண்ணுதானா சார்?" அது மூடநம்பிக்கை என்று ஒரே வரியில் கூறிவிட்டுப் பேச்சாளர் அடுத்த வினாவுக்குச் சென்றார். அம்மையார் அமர்ந்துவிட்டார்.

அவர் கேட்டது நம்பிக்கையைப் பற்றியதன்று, அளவீட்டைப் பற்றியது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன் இதே வினாவைத் தமிழ்ச் சமூகம் ஒன்று பொதுவெளியில் எழுப்பி, வானத்தைப் பார்த்தே விடையும் கண்டது.

இலண்டனில் தொழிலாளர்களுக்கு மாலைநேர அறிவியல் உரைகளை வழங்கவெனத் தொழில்வினைஞர் கழகம் ஒன்று நிறுவப்பட்டது 1823இல். அதே ஆண்டில்தான் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிசன் தன் செமினரியைத் தொடங்கியது. அதன் முதல்வர் டானியல் பூவர். அங்கே சமயக் கல்வியோடு கணிதமும் வானியலும் கற்பிக்கப்பட்டன. அப்பகுதியில் பஞ்சாங்கம் கணித்து வந்தவர் விசுவநாத சாஸ்திரியார். 1829 மார்ச் 20ஆம் நாள் நிகழவிருந்த சந்திர கிரகணத்தை இரு தரப்பும் கணித்திருந்தன. தொடங்கும் நேரம், நீடிக்கும் காலம், நிலவு மறையும் அளவு என்ற மூன்றிலும் இரு கணிப்புகளும் வேறுபட்டன. வேறுபாடு முன்கூட்டியே ஊரறிந்த செய்தியாயிற்று. அன்றிரவு பூவரின் கணிப்பே சரியாக அமைந்தது.

மிசன் இதனைத் தன் வெற்றியாகப் பதிவு செய்தது. பஞ்சாங்கத்தின் மீதுள்ள நம்பிக்கை தளர்ந்தால் புராணங்களின் மீதுள்ள நம்பிக்கையும் தளரும் என்பது அதன் எதிர்பார்ப்பு. ஆயினும் அறிவியல் வரலாற்று மாணவர் இந்நிகழ்ச்சியில் காண வேண்டியது வேறொன்று. இரு தரப்பும் ஒரே நிகழ்ச்சியை, ஒப்பிடத்தக்க அளவுகளில், முன்னதாகவே அறிவித்தன. தவறு என்று மெய்ப்பிக்கப்படக்கூடிய கூற்றை முன்வைக்கும் துணிவு பஞ்சாங்கக்காரருக்கும் இருந்தது. தீர்ப்பு வழங்கும் வாய்ப்போ, நிலவை அண்ணாந்து பார்க்கத் தெரிந்த எவருக்கும் இருந்தது.

பஞ்சாங்கக் கணிப்பு எத்தகையது என்பதற்குத் தமிழகத்திலிருந்தே ஒரு சான்று உண்டு. சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய ஜான் வாரன், 1825இல் வெளியிட்ட 'கால சங்கலித' நூலில், புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு தமிழ்க் கணிப்பாளரின் செயல்முறையை விவரிக்கிறார். அவர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமான வாய்பாடுகளைக் கொண்டு, அவ்வாண்டு மே 31 – ஜூன் 1 இரவுக் கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்கத்தில் 4 நிமிடம், நடுப்பகுதியில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம் என்ற அளவில்தான் பிழை. அறிவியல் வரலாற்றறிஞர் ஓட்டோ நொய்கபவர் 1952இல் எழுதிய 'தமிழ் வானியல்' என்ற கட்டுரையின் அடித்தளம் இந்தப் பதிவே. பிழையை நிமிடக் கணக்கில் கூற இயலுகிறது என்றாலே அது சோதிக்கத்தக்க அறிவு என்று பொருள்.

வட்டுக்கோட்டையும் அந்த இரவோடு நின்றுவிடவில்லை. அங்கு ஆசிரியராகவும் பின்னர் முதல்வராகவும் இருந்த ஹொய்சிங்டன், இந்திய வானியல் முறையைத் தமிழ் மூலம், ஆங்கில மொழிபெயர்ப்பு, விளக்கக் குறிப்புகள் ஆகியவற்றோடு 1848இல் யாழ்ப்பாணத்தில் அச்சிட்டார். மறுப்பதற்காகவேனும், எதிர்த்தரப்பின் கணிதத்தை அவர் முழுமையாகக் கற்க வேண்டியிருந்தது. செமினரி மாணவரான கறல் விசுவநாதபிள்ளை இயற்கணிதத்தைத் தமிழில் 'வீசகணிதம்' என எழுதினார். அருகே மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன் முதலில் ஆங்கிலத்தில் மருத்துவம் கற்பித்து, 1860களில் தமிழுக்கு மாறி, உடற்கூறு, அறுவை மருத்துவம், வேதியியல் நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார்.

மொழியியல் மாணவன் என்ற முறையில் ஒன்றைக் குறிப்பிட விரும்புகிறேன். தமிழில் அறிவியல் பேசுவது பற்றிய நம் விவாதங்கள் பெரும்பாலும் கலைச்சொல்லில் தொடங்கிக் கலைச்சொல்லிலேயே முடிகின்றன. கலைச்சொல் தேவையே. ஆனால் தடாவில் அந்த அம்மையாருக்குக் கலைச்சொல் எதுவும் தடையாக இருக்கவில்லை. 'நேரம்', 'ஒண்ணுதானா' என்ற இரு எளிய சொற்களில் ஒப்பீட்டாய்வு ஒன்றையே அவர் முன்வைத்தார். விடையளிக்கப் பேச்சாளருக்குத் தேவைப்பட்டவை இரண்டு: அவ்வினாவை வினாவாக ஏற்கும் மனம், பஞ்சாங்கம் எவ்வாறு கணிக்கப்படுகிறது என்ற அறிவு. திருக்கணிதப் பஞ்சாங்கம் இக்கால வானியல் கணிப்பைத் தழுவியது, வாக்கியப் பஞ்சாங்கம் பழைய மனன வாய்பாடுகளின் வழிவந்தது என்று கூறி, "இரண்டையும் குறித்துக்கொண்டு ஞாயிறு இரவு கடிகாரத்தோடு மாடிக்கு வாருங்கள்" என்று அழைத்திருந்தால், அவ்வூரே ஓர் ஆய்வுக்கூடம் ஆகியிருக்கும்.

அன்றிரவு நிலவு ஏறத்தாழ 82 நிமிடங்கள் புவியின் நிழலுக்குள் முழுமையாக இருந்தது. பார்ப்பதற்குப் போதுமான நேரம்.

1829இல் வட்டுக்கோட்டையில் சமய நோக்கம் இருந்தது, ஆதிக்கம் இருந்தது. அவற்றை மறைத்து அந்நிகழ்ச்சியைப் போற்ற வேண்டியதில்லை. எனினும் அங்கே எதிர்த்தரப்புக்குத் தன் எண்களை முன்வைக்க இடம் இருந்தது. ஏவுதளம் கண்ணுக்கெட்டும் தொலைவில் இருந்தும், நம் கல்லூரி அரங்குகளில் அந்த இடம் ஏன் குறைந்தது என்பதே எனக்கு எஞ்சும் வினா. பொதுச் சொற்பொழிவுகளை ஏற்பாடு செய்யும் ஆசிரியர்களும் ஆய்வாளர் நண்பர்களும் இதுபற்றித் தம் அனுபவங்களை எழுதினால் மகிழ்வேன்.