படப்பைப் பயிரும் பூச்சிப் பெயரும்

மனையை அடுத்த தோட்டத்தைச் சங்கச் சான்றோர் படப்பை என்றனர். பிற்காலத்தார் கொல்லை என்றும் புழைக்கடை என்றும் வழங்கினர். அவரை, சுரை, பாகல் முதலியன பழைய நூல்களிற் பயில்கின்றன. கத்தரிக்கு வழுதுணை என்னும் பழம்பெயரும் உண்டு. இப்பயிர்களை உண்டு அழிக்கும் சிற்றுயிர்களைத் தமிழர் எவ்வாறு இனங்கண்டனர், எவ்வாறு ஒடுக்கினர் என்பதை வரலாற்று முறையில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உயிர்களை அறிவு வகையாற் பகுத்த தொல்காப்பியர், மரபியலில் சிதலையும் எறும்பையும் மூவறிவுயிராகவும், நண்டையும் தும்பியையும் நாலறிவுயிராகவும் வைத்தார். பூவை நாடும் உயிர்களுக்கு வண்டு, சுரும்பு, ஞிமிறு, தும்பி எனப் பல பெயர்கள் இலக்கியத்தில் உள. ஆயின், இலையைத் தின்பதற்கும் காயைத் துளைப்பதற்கும் அத்தகைய பெயர் வளம் காணப்படவில்லை. குறிஞ்சிப் பாடல்களில் புனத்துக்குப் பகையாக வருவன பெரிதும் கிளியும் பன்றியும் யானையுமே. தலைவி கிளி கடிவாள். புழு பொறுக்குவாளாகப் புலவர் பாடுவதில்லை. பாடுபொருள் ஆகாமையால் அத்தொழில் இல்லையென்று கொள்ளுதல் பொருந்தாது. அவ்வறிவு ஏட்டில் ஏறாது, கொல்லையில் உழைத்த பெண்டிர் கையிலும் வாயிலும் தங்கியது என்று கொள்வதே முறை.

திருக்குறளின் நாடு என்னும் அதிகாரத்து இரண்டாம் குறளுக்கு உரைகண்ட பரிமேலழகர், நாட்டிற்கு வரும் கேடுகள் ஆறனுள் எலி, கிளி என்பவற்றோடு விட்டிலையும் எண்ணினார். ஈண்டு விட்டில் என்பது பயிரை மேயும் வெட்டுக்கிளியைக் குறிக்கும். ஆனால், விளக்கில் வீழ்ந்து மாயும் பூச்சியும் விட்டில் எனவே வழங்கும். ஒரு பெயர் இரு வேறு உயிர்க்கு உரியதாதல் சொல்லாராய்ச்சியாளர்க்கு இன்பம் தருவது. பயிர் காப்பார்க்கோ இடர் தருவது. பகை இன்னதெனத் தெளியாதவழி மருந்தும் தெளியாது என்க.

மக்கள் வழக்கில் நின்ற முறைகள் எளியன. விடியலில் பனி ஈரம் புலராமுன் அடுப்புச் சாம்பலை இலைமேல் தூவினர். முட்டையும் புழுவும் கண்ட இலையைக் கிள்ளி எறிந்தனர். சேமித்த தானியத்தில் வேப்பிலை இட்டனர். மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல்வழி வந்து கொல்லையில் இடம்பெற்ற பின்னரும் இம்முறைகளே அவற்றிற்கும் பயன்பட்டன.

இருபதாம் நூற்றாண்டில் பூச்சிகளை முறையாக இனங்காணும் பணி தொடங்கிற்று. பிளெட்சர் என்பார் தென்னிந்தியப் பூச்சிகள் பற்றி எழுதிய ஆங்கில நூல் 1914ஆம் ஆண்டு சென்னையில் வெளிவந்தது. கோயம்புத்தூரில் பணியாற்றிய டி. வி. இராமகிருஷ்ண ஐயரின் தென்னிந்தியப் பொருளியற் பூச்சிநூல் 1940இல் வந்தது. எப்பூச்சி எப்பயிரை எப்பருவத்தில் தாக்கும் என்னும் அறிவு இந்நூல்களில் வரிசைப்பட்டது. எனினும் இவை ஆங்கிலத்தில் அமைந்தமையால், கொல்லையிற் குனிந்து நிற்பாரை எளிதிற் சென்றடையவில்லை.

இவ்வறிவு பரவுமுன்னரே வேறொன்று பரவிற்று. டி.டி.டி.யின் பூச்சிகொல்லும் ஆற்றலை 1939இல் பால் முல்லர் கண்டார். 1948இல் நோபல் பரிசும் பெற்றார். எல்லாப் பூச்சிக்கும் ஒரே தூள் போதுமெனின், பூச்சியைப் பெயர் சொல்லி அறிய வேண்டுவதென்ன? இவ்வெண்ணம் இனங்காணும் பழக்கத்தைத் தளர்த்திற்று. தீமை செய்யும் பூச்சியோடு அதனைத் தின்று வாழும் பூச்சியும் மடிந்தது. 1958இல் கேரளத்தில் பாரத்தியான் என்னும் நஞ்சு கலந்த கோதுமை மாவினை உண்டு நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். 1968இல் பூச்சிக்கொல்லிச் சட்டம் இயற்றப்பெற்றது. வேளாண்மையில் டி.டி.டி.யின் பயன்பாடு 1989இல் விலக்கப்பெற்றது.

வேம்பின் விதையிலுள்ள அசாடிராக்டின் என்னும் பொருளை அறிவியலார் 1968இல் பிரித்தெடுத்தனர். பூச்சியின் உணவு விருப்பத்தைக் கெடுப்பதும் வளர்ச்சியைத் தடுப்பதும் அதன் இயல்பு. வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராமை இடித்து, ஒரு லிட்டர் நீரில் ஓரிரவு ஊறவைத்து வடித்து, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளித்தல் வீட்டுத் தோட்டத்திற்கு ஏற்ற முறையாகும். வெயிலில் அதன் ஆற்றல் குன்றும்; ஆகலின் மாலை சிறந்தது.

இனங்காணலின் பயனுக்கு அண்மைக்காலச் சான்று ஒன்று காட்டலாம். 2008இல் கோவைப் பகுதியில் பப்பாளி மாவுப்பூச்சி தோன்றிப் பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி முதலியவற்றைப் பாழ்செய்தது. மெழுகுத் தூள் போர்த்த அதன் உடலில் தெளித்த மருந்து எளிதிற் படவில்லை. மாவுப்பூச்சிகள் பலவற்றுள் இஃது இன்னதெனத் தெளிந்த பின்னரே இதற்குரிய ஒட்டுண்ணிக் குளவியைத் தேட முடிந்தது. அசெரோபேகசு என்னும் அச்சிறு குளவி 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வருவிக்கப்பெற்று, அப்பூச்சியை அடக்கிற்று.

இவ்வுண்மையை இக்கட்டுரையாளன் தன் கொல்லையில் பிழைத்தே கற்றான். கத்தரி இலை வலைபோல் அரிக்கப்பட்டிருக்கக் கண்டு, அருகிலிருந்த புள்ளி வண்டுகளையெல்லாம் நசுக்கினான். மறுவாரம் அவரைக் கொடி முழுதும் அசுவினி மொய்த்தது. நசுக்கியவற்றுள் பல அசுவினியைத் தின்னும் பொறிவண்டுகள் என்பது பின்னரே விளங்கிற்று. இலையைச் சுரண்டுவது எபிலாக்னா வண்டு. இரண்டும் ஒரே குடும்பத்தன. எபிலாக்னாவின் முதுகு நுண்மயிரால் மங்கித் தோன்றும். அதன் இளம்புழு மஞ்சள் நிறமும் முட்களும் உடையது. அசுவினி தின்னும் பொறிவண்டின் முதுகோ வழவழத்து ஒளிரும். அவ்வாறே கத்தரியின் நுனித்தண்டு வாடித் தொங்கின், உள்ளே துளைப்பான் புழு உண்டென அறிந்து அந்நுனியைக் கிள்ளி அழித்தல் வேண்டும். பாகற்பிஞ்சு அழுகி வீழின், அது பழ ஈயின் செயலாதல் கூடும். வீழ்ந்த காயைத் திரட்டி ஆழப் புதைத்தல் வேண்டும். செடியில் எறும்பு ஏறி இறங்குமாயின், இனிப்புநீர் சுரக்கும் அசுவினியோ மாவுப்பூச்சியோ மேலே உளதா எனப் பார்த்தல் தகும்.

இதுகாறும் கூறியவற்றால், ஒடுக்கல் என்பது இனங்காணலைப் பின்தொடர்வது என்பது புலனாகும். பூவுண்ணும் வண்டிற்குப் பல பெயர் ஈந்த தமிழ், இலையுண்ணும் வண்டிற்கும் அதன் பகைவனுக்கும் வேறுவேறு பெயர் ஈதல் இயலாததன்று. ஊர்தோறும் முதியோர் வாயில் இன்றும் வழங்கும் பூச்சிப் பெயர்களை, அப்பூச்சிகளையே நேரிற் கண்டு ஒப்பிட்டுத் தொகுத்தல் தமிழ்த்துறைகளும் வேளாண் துறைகளும் கூடிச் செய்தற்குரிய பணியாகும். அப்பெயர்கள் அவர்களோடு மறையுமாயின், நண்பனையும் பகைவனையும் ஒருங்கே நசுக்கும் பிழை கொல்லைதோறும் நிகழும்.