துப்பாக்கியைத் தின்ற உப்பு

திருச்சியிலிருந்து தஞ்சைச் சாலையில் கிழக்கே சென்றால் அரியமங்கலத்தை அடுத்துக் காட்டூர் வரும். அதற்கப்பால் திருவெறும்பூர். இந்த வட்டாரத்தில்தான் 1966-ஆம் ஆண்டு மைய அரசின் துப்பாக்கித் தொழிற்சாலை தொடங்கப்பெற்றது. காட்டூர்வாசிகளுக்குத் துப்பாக்கி என்பது தெருக்கோடியில் பிறக்கும் பொருள் போன்றது!

தொழிற்சாலையிலிருந்து வெளிவரும்போது துப்பாக்கியின் குழல் உள்ளே கண்ணாடிபோல் பளபளக்கும். அதே துப்பாக்கி பத்தாண்டுகள் பரணில் கிடந்தால் என்ன ஆகும்? துருப்பிடிக்கும் என்பீர்கள். ஆனால் நன்றாகத் துடைத்து எண்ணெய் பூசி வைத்த துப்பாக்கிகளும் ஒரு காலத்தில் துருப்பிடித்தன. ஏன்? இந்தக் கேள்விக்கு விடை கிடைக்கப் பல பத்தாண்டுகள் ஆயின. அந்தக் கதையைப் பார்ப்போம்.

கருமருந்துக் காலம்

1751, 1752-ஆம் ஆண்டுகளில் திருச்சிக் கோட்டையைச் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும் முற்றுகையிட்டனர். இறுதியில் 1752 ஜூனில் பிரெஞ்சுப் படை திருவரங்கத் தீவில் ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. அக்காலப் படைவீரர் கையிலிருந்தது கருமருந்துத் துப்பாக்கி. வெடியுப்பு 75 பங்கு, கரி 15 பங்கு, கந்தகம் 10 பங்கு; இதுவே கருமருந்து.

இது எரிந்தால் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே மிஞ்சும். கொஞ்சம் புகையாகப் போகும். மீதி குழலில் கரியாகப் படியும். அப்படிவில் பொட்டாசியம் கார்பனேட்டு, பொட்டாசியம் சல்பைடு முதலிய உப்புகள் உண்டு. இவை காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். நல்லவேளையாக இவை நீரில் கரையும். ஆகவே வெந்நீரை ஊற்றிக் கழுவுவதே வழக்கம். வெந்நீர் ஏன்? சூடேறிய குழல் தானே விரைவில் உலர்ந்துவிடும் அல்லவா!

படிவு இறுகினால் அடுத்த குண்டைக் குழலுக்குள் செலுத்துவதும் கடினம். அதற்காகவே என்பீல்டு துப்பாக்கியின் தோட்டாத் தாளில் கொழுப்பைத் தடவினார்கள். அது பசுக் கொழுப்பா, பன்றிக் கொழுப்பா என்ற ஐயம் 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்கு ஒரு பொறியாயிற்று என்பதை வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள்.

புதிய மருந்து, புதிய புதிர்

1884-இல் பிரெஞ்சு வேதியியலார் வியேல் புகையில்லா வெடிமருந்தைக் கண்டார். இது ஏறக்குறைய முழுதும் வாயுவாகிவிடும். இனிக் கழுவும் வேலையில்லை, எண்ணெய்த் துணியால் துடைத்தால் போதும் என்று பலர் மகிழ்ந்தனர். ஆனால் துடைத்து வைத்த குழலில் சில நாளில் மீண்டும் துரு!

பழி புதிய மருந்தின் மேல் விழுந்தது. உண்மைக் குற்றவாளி வேறு. தோட்டாவின் அடியில், மருந்துக்குத் தீமூட்டும் சிறு கேப் ஒன்று உண்டு. அதில் பொட்டாசியம் குளோரேட்டு இருந்தது. அது வெடித்து பொட்டாசியம் குளோரைடு ஆகிறது. இது நம் சமையல் உப்பின் உறவினர். ஐப்பசி மழையில் உப்பு ஜாடி நீர்த்துப் போவதைப் பார்த்திருப்பீர்கள். குழலிலும் அதுவே நடந்தது. உப்பு எண்ணெயில் கரையாது. எனவே எண்ணெய்ப் படலத்துக்கு அடியிலேயே அது ஈரத்தை இழுத்துத் துருவை வளர்த்தது. 1920-களின் தொடக்கத்தில் அமெரிக்கச் சுரங்கத்துறையின் ஆய்வு இதைத் தெளிவாக்கியது. பின்னர் குளோரேட்டு இல்லாத கேப்புகள் வந்தன.

பம்ப் ஆக்‌ஷன் துப்பாக்கி

இந்த மாற்றங்களின் நடுவே பிறந்ததுதான் பம்ப் ஆக்‌ஷன் ரவைத் துப்பாக்கி. அமெரிக்காவில் ஸ்பென்சர் 1882-இல் ஒன்றை வெளியிட்டார். பிரௌனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 1893-இல் வந்தது, அது கருமருந்துக்கானது. புகையில்லா மருந்தின் அழுத்தத்தைத் தாங்கும் வலுவான வடிவம் 1897-இல் வெளிவந்தது.

குழலுக்கு அடியில் மற்றொரு குழாய். அதில் தோட்டாக்கள் வரிசையாக இருக்கும். முன்கைப்பிடியைப் பின்னால் இழுத்தால் சுட்ட தோட்டாவின் கூடு வெளியேறும். முன்னால் தள்ளினால் அடுத்த தோட்டா அறைக்குள் நுழையும். நகரும் உறுப்புகள் பல. அழுக்குச் சேரும் இடங்களும் பல. முதல் உலகப் போரின் பதுங்கு குழிகளில் தாள் தோட்டாக்கள் ஈரத்தில் ஊதிச் சிக்கிக்கொண்டதால் பித்தளைத் தோட்டாக்கள் தர வேண்டியதாயிற்று.

கேட்பாரற்றுக் கிடந்தால்?

இன்றைய தோட்டாவில் அந்த உப்பு இல்லை. ஆனால் நம் ஊர்க் காற்றில் ஈரம் உண்டு. தோலுறைக்குள் பூட்டி வைத்தால் தோல் ஈரத்தை உறிஞ்சி இரும்புக்குத் தரும். பழைய எண்ணெய் பிசினாக இறுகி நகரும் உறுப்புகளைப் பிடித்துக்கொள்ளும். அறையில் துரு ஏறினால் சுட்ட கூடு வெளிவராது. யாவற்றினும் கொடியது குழலில் அடைப்பு. மறந்துவிட்ட துணித்துண்டோ குளவிக் கூடோ போதும். சுடும்போது குழலே வெடித்துவிடும்.

வல்லுநர் இத்தகைய துப்பாக்கியை எடுத்ததும் எண்ணெயைத் தேடுவதில்லை. முதலில் தோட்டா இருக்கிறதா என்று பார்ப்பார். அறை காலியாய்த் தோன்றினாலும் அடிக்குழாயில் ஒன்று ஒளிந்திருக்கலாம். அதன் பின்னரே வெளிச்சத்தில் குழலை நோக்கி அடைப்பில்லை என உறுதி செய்வார், கரைப்பான் தடவி, வெண்கலத் தூரிகையை அறைப்பக்கத்திலிருந்து வாய்ப்பக்கம் செலுத்துவார், துணியால் துடைப்பார், இறுதியில் எண்ணெயை மிக மெல்லிதாகப் பூசுவார். துரு ஆழமாய்த் தின்று குழிவிழுந்திருந்தால் தேய்த்துப் பயனில்லை. அந்த இடத்தில் குழல் மெலிந்துவிட்டது, சுடுவது ஆபத்து.

1959-ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டப்படி துப்பாக்கிக்கு உரிமம் வேண்டும். ஆதலால் வீட்டில் பழைய துப்பாக்கி கண்ணில் பட்டால் நீங்கள் தொடாதீர்கள்; பெரியவர்களிடம் சொல்லுங்கள். பழுது பார்ப்பது உரிமம் பெற்ற வல்லுநரின் வேலை.

நீங்கள் செய்து பார்க்க வேறொன்று உண்டு. மூன்று இரும்பு ஆணிகளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டை உப்புநீரில் நனைத்து உலர்த்துங்கள். அவற்றுள் ஒன்றை மட்டும் வெந்நீரில் நன்கு கழுவி உலர்த்துங்கள். பிறகு மூன்றுக்கும் எண்ணெய் தடவி, தண்ணீர்ப் பானையருகே சில நாள் வையுங்கள். எது முதலில் துருப்பிடிக்கிறது? அந்த ஆணியைக் கையில் எடுத்தால், எண்ணெய் பூசிய துப்பாக்கிகள் ஏன் துருப்பிடித்தன என்பது உங்களுக்கே விளங்கும்.