ஸ்டாம்பீடு தடம்

ஸ்டாம்பீடு தடம் என்பது ஐக்கிய அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில், ஹீலி என்னும் ஊருக்கு அருகில் தொடங்கி மேற்கு நோக்கிக் காட்டினுள் செல்லும் பழைய சுரங்கப் பாதை ஆகும். தெனாலி தேசியப் பூங்காவின் வடபுறத்தில் இது அமைந்துள்ளது. இங்கு கைவிடப்பட்டுக் கிடந்த 142ஆம் எண் பேருந்தால் இத்தடம் உலகெங்கும் அறியப்பட்டது.

வரலாறு

1930களில் அந்திமனிச் சுரங்கம் ஒன்றுக்காக இப்பாதை பயன்படுத்தப்பட்டது. 1961 இல் இதனைச் சாலையாக மேம்படுத்தும் பணியை யூட்டன் என்ற கட்டுமான நிறுவனம் மேற்கொண்டது. ஃபேர்பாங்க்ஸ் நகரில் ஓடி ஓய்ந்த பேருந்துகள் பணியாளர் தங்குமிடங்களாக மாற்றப்பட்டு இங்கு இழுத்து வரப்பட்டன. பணி கைவிடப்பட்டபோது ஒரு பேருந்து மட்டும் அங்கேயே விடப்பட்டது. பின்னர் அது வேட்டையாடுவோருக்கு ஒதுங்கிடமாகப் பயன்பட்டது.

1992 ஏப்ரலில் கிறிஸ்டோபர் மெக்கண்ட்லெஸ் என்ற இளைஞர் தனியே இங்கு வந்து தங்கினார். சூலையில் திரும்ப முயன்றபோது டெக்லனிகா ஆற்றில் வெள்ளம் பெருகியிருந்ததால் மீண்டும் பேருந்துக்கே சென்றார். ஆகத்தில் உயிரிழந்த அவரது உடல் செப்டம்பரில் கண்டெடுக்கப்பட்டது. உணவின்றி இறந்தார் என்பது பொதுவான முடிவு. அவர் உண்ட விதைகளில் நஞ்சு இருந்ததா என்பது இன்றும் விவாதத்துக்குரியது. ஆற்றின் கீழ்ப்புறம், ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில், கையால் இழுத்துக் கடக்கும் கம்பிவடக் கூடை ஒன்று இருந்தது. விரிவான நிலப்படம் அவரிடம் இல்லை.

இவரைப் பற்றி ஜான் கிராக்கவர் எழுதிய "இன்டு த வைல்ட்" நூல் 1996 இலும், அதே பெயரிலான திரைப்படம் 2007 இலும் வெளிவந்தன. அதன்பின் பேருந்தைக் காண வருவோர் பெருகினர்.

டெக்லனிகா ஆறு

இத்தடத்தின் மிகப் பெரிய இடர் இந்த ஆறே ஆகும். பனியாறுகள் உருகுவதால் இதன் நீர் கடுங்குளிராகவும், வண்டல் கலந்து அடி தெரியாதவாறு கலங்கலாகவும் இருக்கும். குளிர்காலத்தில் உறைந்திருக்கும், கோடையில் வெயிலும் மழையும் நீர்மட்டத்தை விரைவாக உயர்த்தும். ஆகவே போகும்போது முழங்காலளவு நீரில் கடந்தவர், சில நாட்களில் திரும்பும்போது கடக்க இயலாமல் அகப்படக்கூடும். குறுக்கே கட்டிய கயிற்றுடன் உடலைப் பிணைத்துக்கொள்வது பாதுகாப்புப் போலத் தோன்றும். ஆனால் கால் இடறினால், நீரோட்டம் அவரைக் கயிற்றோடு நீருக்கடியில் அழுத்திவிடும். 2010 இலும் 2019 இலும் பேருந்தை நாடிச் சென்ற இரு பெண்கள் இவ்வாற்றில் மூழ்கி இறந்தனர்.

பேருந்து அகற்றம்

2009 முதல் 2017 வரை இப்பேருந்து தொடர்பாக 15 மீட்புப் பணிகள் நடந்ததாக மாநில அரசு தெரிவித்தது. 2020 சூன் 18 அன்று அலாஸ்கா தேசியக் காவல்படை சினூக் உலங்கு வானூர்தி மூலம் பேருந்தை அகற்றியது. அது ஃபேர்பாங்க்ஸில் உள்ள அலாஸ்கா பல்கலைக்கழக வடக்கு அருங்காட்சியகத்திடம் ஒப்படைக்கப்பட்டது.